யாருங்க வேணும்?

அறவாழியின் நினைவுகள் எல்லாம் அவர் காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த மின்னணுச் சில்லில்தான் இருந்தன. அது சுடுவதை அவர் மனைவி மங்கையர்க்கரசி திங்களன்றே கவனித்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டாள். சில்லுக்குள் புகுந்து நினைவுகளைப் பூட்டிவிட்டதாகவும், திறக்கப் பணம் வேண்டும் என்றும் இணையத் திருடர்களிடமிருந்து இன்று மிரட்டல் வந்த பிறகுதான் சில்லு பழுது பார்க்கும் ரெஹானாவை அழைத்தாள்.

"வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சாக்கா?"

"எதக் கேட்டாலும் அவரு பதில் சொல்ல ரொம்ப நேரமாச்சு. நேத்து நான் வேலை முடிஞ்சு வந்தப்ப கதவத் திறந்து, 'யாருங்க வேணும்?'னு கேட்டாரு."

"அப்பவே சில்ல அணைச்சிருந்தா பாதியாவது தப்பிச்சிருக்குமே!"

"கல்யாணமான நாள்லேர்ந்து தினமும் அப்படித்தாம்மா கேப்பாரு. 'இங்க அழகா ஒருத்தர் இருக்காராமே, அவரப் பாக்கணும்'பேன். நேத்தும் சொன்னேன். உள்ள போய்த் தேடிட்டு வந்து, 'அப்படி யாரும் இல்லீங்க'ன்னாரு. என்னமா நடிக்கிறாருன்னு விழுந்து விழுந்து சிரிச்சேன்."

ரெஹானா சில்லை அணைத்தாள். பணம் கட்டியவர்களுக்கும் பூட்டிய நினைவுகள் திரும்பவில்லை என்று மெல்லச் சொன்னாள்.

அறவாழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரெஹானா பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்:

"பாவம், அந்தம்மா அழுறாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்களேன்."