விரிசலுக்குக் குறுக்கே

கண்ணாடி உடைந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

எஞ்சினியர் திருச்சியிலிருந்து வந்துவிட்டான். தோளில் அதே பழுப்புப் பை.

அவள் ஞானஸ்நானப் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தாள். பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் எழுதுவது அவள் வேலை. இயற்பியல் பட்டம் வீட்டில் பெட்டிக்குள் இருந்தது.

"எப்ப பார்த்தீங்க?"

"நேத்துக் காலையில. அஞ்சரைக்கு."

அவனிடம் பேச என்று சேர்த்துவைத்ததெல்லாம் வேறு.

பாடற்குழு மாடிக்கு ஏறும் படி ஓர் ஆள் அகலம்தான். முன்னால் அவன், பிறகு பங்குத்தந்தை, உபதேசியார். கடைசியில் அவள்.

கோயிலைக் கட்டியவர் ஒரு பிரெஞ்சுச் சாமியார். செங்கல், சுண்ணாம்பு, பர்மாத் தேக்கு. படத்தில் இரண்டு கோபுரம் வரைந்திருந்தார். ஒன்றுகூட எழும்புவதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பீடத்துக்கு முன்னால் படுத்திருக்கிறார். நாற்பது வருஷம் கழித்து வந்தவர் ஒரு கோபுரத்தை மட்டும் எழுப்பினார். பழைய சுவரை ஒட்டிக் கட்டினார்.

கோத்துக் கட்டவில்லை.

இதைப் போன தடவை அவன்தான் அவளுக்குச் சொன்னான்.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கல."

சொல்லிக்கொண்டே, மாடிச் சுவரில் இரண்டும் சேரும் இடத்து விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினான். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் பார்த்துக் குறித்துவைக்க ஓர் ஆள் வேண்டும்.

"ஃபிசிக்ஸ் படிச்சவங்கதானே?"

நோட்டு அவள் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் அவன் எண். அதன் கீழே ஒரு வரி.

உடைந்தால் மட்டும் கூப்பிடவும்.

நாள் தவறாமல், காலைப் பூசைக்கு முன் அவள் மாடி ஏறினாள். தேதி போட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதினாள். நூற்றுப் பன்னிரண்டு சரி.

அவ்வளவு நல்ல கண்ணாடி.

இப்போது அது இரண்டாக விண்டிருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். விரிசலின் இரு பக்கமும் அடித்திருந்த ஆணிகளுக்கு நடுவே அளவுகோலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

அவள் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"இடைவெளி கூடல ஃபாதர். ஆனா கண்ணாடி போயிருக்கு."

"புறாதான்," என்றார் உபதேசியார். "இந்தக் கோயில்ல எல்லா அக்கிரமமும் அதுங்கதான். ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி."

அவன் நிமிர்ந்தான்.

"புறாவுக்கு அவ்வளவு பலம் இல்ல. காரணம் தெரியாம நான் சரின்னு எழுதித் தர முடியாது. தெரியிற வரைக்கும் கோயிலைப் பூட்டிடுங்க."

"நாளை மறுநாள் மாதா கொடியேத்தம், பிலவேந்திரன் தம்பி," என்றார் பங்குத்தந்தை அவனிடம்.

"பந்தல்ல வச்சுக்குங்க ஃபாதர்."

காலரா வருஷத்தில்கூடப் பூட்டாத கதவு அது.

பங்குத்தந்தை கொஞ்ச நேரம் கீழே பார்த்தார். வெறும் பெஞ்சுகள். தரையில் சாயக்கண்ணாடி வழியே விழுந்த நீலம். பிறகு அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார்.

உபதேசியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தக் கதவைத் திறக்கிறவன் சாமி நான். பூட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

சாவி அவள் பக்கம் திரும்பியது.

அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு சாண் நீள இரும்பு. பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டாள். கட்டைவிரலில் நேராக ஒரு கீறல், இன்னும் ஆறாமல்.

யாரும் பார்க்கவில்லை. அவன் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டரை மணிக்கு அவனுக்கு பஸ்.

பங்குத்தந்தை முதல் படியில் கால் வைத்தார்.

"நான்தான் உடைச்சேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உடைஞ்சா மட்டும்தானே கூப்பிடச் சொன்னீங்க."