ஓரத்தில் நின்ற பச்சைப் புடவை

“ஓரத்துலதானே நிக்கறா? ஒரே வெட்டு. அங்க ஒருத்தி நின்னதே தெரியாது.”

அண்ணி இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டிக் காட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெட்ட மாட்டேன்க்கா.”

சோபாவில் இருந்த அவன் நகவெட்டியைக் கீழே வைத்தான். மூத்த மருமகளான அண்ணியை எதிர்த்து அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

விஷயம் இதுதான். அவனுடைய அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் நின்று ஒரு போட்டோ எடுத்தாயிற்று. அதைப் பெரிதாகப் போட்டு அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். பெண்களெல்லாம் ரோஸ் கலர் என்று ஒரு மாசம் முன்பே அண்ணி உத்தரவு போட்டிருந்தாள். எல்லாரும் ரோஸ். சின்ன மருமகள் மட்டும் பச்சை. அதுவும் இலைப்பச்சை.

“அவளுக்குக் கலரைச் சொல்றேன்னு நீதானே ஏத்துக்கிட்டே? சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன? வேணும்னே கட்டிட்டு வந்திருக்கா. ஏம்மா இப்படின்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். ‘மறந்துட்டேன்க்கா’ன்னு ஒரு சிரிப்பு. கொழுப்பு! அந்தக் கூடத்துல தினம் உக்கார்றவ நான். அந்தப் பச்சை என் கண்ணைக் குத்திக்கிட்டே இருக்கணுமா?”

“கருப்பு வெள்ளை ஆக்கிட்டா பச்சை ஏது, ரோஸ் ஏது?”

காலையிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். போட்டோவைக் கருப்பு வெள்ளையாக மாற்றும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர். ஏழு நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாமாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஒரே அமுக்கு. படம் மாறியது. ரோஸெல்லாம் வெளிர்சாம்பல் ஆயிற்று. பச்சை மட்டும் கரிக்கட்டையாக நின்றது.

“பாரு, இப்பத்தான் இன்னும் எடுப்பாத் தெரியறா” என்று சிரித்தாள் அண்ணி.

அதற்கும் அதில் வழி இருந்தது. கலருக்கு ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு குமிழ். குமிழை இழுத்தால் அந்தக் கலர் வெளுக்கும், தள்ளினால் கறுக்கும். பச்சையை இழுத்தாள். புடவை வெளுத்தது. பின்னாலிருந்த செடிகளும் பனி கொட்டியதுபோலச் சேர்ந்து வெளுத்தன. சரியென்று அதை விட்டுவிட்டு ரோஸைக் கறுக்க வைத்தாள். அண்ணன் உதடு கன்னங்கரேலென்று ஆயிற்று.

“ஐயையோ! எங்க வீட்டுக்காரர் என்னமோ ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட் ஊதறவர் மாதிரி!”

“ஊதறதில்லையாக்கும்?”

“வாய்! முதல்ல இந்தக் கருப்பு வெள்ளையே வேண்டாம். எழவு வீட்டுப் படம் மாதிரி இருக்கு.”

“அத்தை மாமா கல்யாணப் போட்டோவும் கருப்பு வெள்ளைதான்க்கா. அம்பது வருஷமா ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க?”

அவன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

“நீ வெட்டலைன்னா ஸ்டூடியோக்காரர்கிட்டச் சொல்லி நானே வெட்டிக்கறேன்.”

“அப்ப என்னையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்க. அவ பக்கத்துலதான் நிக்கறேன். ரெண்டு வேலையா இருக்காது.”

“அவளுக்கு நீ எதுக்கு இந்த வக்காலத்து? போன மாசம் வரைக்கும் அவ பேச்சை எடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குவே!”

அவள் மறுபடி குமிழைப் பிடித்தாள். பச்சையைக் கொஞ்சம், ரோஸைக் கொஞ்சம் என்று மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் செடி செடியாக இருந்தது, உதடு உதடாக இருந்தது, புடவைகள் எல்லாம் ஒரே சாம்பல். அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, பச்சையைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“அனுப்பிட்டேன்.”

“யாருக்கு?”

“ஸ்டூடியோவுக்கு. மாமாகிட்டக் காலையிலயே கேட்டுட்டேன். கருப்பு வெள்ளையே இருக்கட்டும்னுட்டார். இனிமே வெட்டணும்னா அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போன வேகத்தில் வாசல் கதவு இரண்டு தரம் அடித்துக்கொண்டது.

அவன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

“பரவாயில்லையே! சின்னவளுக்காக அண்ணியையே எதிர்த்து நின்னுட்டே. இந்த மனசு யாருக்கு வரும்?”

“என் மனசைப் பத்திப் பேசாதீங்க.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அத்தை எப்பப் பாத்தாலும் அவளையே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஒரு நாளாவது நாலு பேர் முன்னாடி அசடு வழிய நிக்கட்டுமேன்னு…”

“என்ன சொல்றே நீ?”

“அக்கா அந்தக் கேள்வி கேட்டாங்களே, அப்பக்கூட மறந்துட்டேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அவகிட்டப் பச்சைன்னு சொன்னதே நான்தாங்க.”