நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

நாலாம் கட்டு ஏறியது. ஐந்தாம் கட்டு இறங்கியது. போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனைக்கு மாட்டியிருந்த மேஜை விசிறி நின்றுபோனது.

தையற்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டான். இந்த முறை ஐந்து ஏறியது, நாலு இறங்கியது. விசிறி மறுபடியும் நின்றது.

பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, அவற்றில் உயிருள்ள செல்களை மட்டும் பொறுக்கி, ஏழு கட்டாகக் கட்டி, வரிசையாக இணைத்திருந்தான். ஏழின் வோல்டேஜையும் எண்ணாகக் காட்டிக் கண்காணிக்க ஒரு போர்டு. அதுவும் வீட்டிலேயே செய்ததுதான்.

எந்தக் கட்டும் அளவுக்கு மேல் நிரம்பக்கூடாது. எதுவும் அடியோடு வற்றக்கூடாது. ஏழும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

காலையிலிருந்து அது அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

நாலாம் கட்டில் செல்களை மாற்றிப் பார்த்துவிட்டான். ஐந்தாம் கட்டையும் பிரித்து மேய்ந்தாயிற்று. மீட்டரின் முனையை நேராகச் செல்லின்மேல் வைத்தால் இரண்டும் பரம சாதுவாக ஒரே எண்ணைக் காட்டின. போர்டு வழியாகப் பார்த்தால் குழாயடிச் சண்டை.

“இது நமக்குச் சரிப்பட்டு வராதுக்கா. பித்தான் தைக்கிற கையை வச்சுக்கிட்டு பேட்டரி கட்ட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த அக்கா உடனே பதில் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். நாலு வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள், பிறகு அடுத்த நாலு.

போர்டு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்ததெல்லாம் அவள். அவள் படிப்பே அதுதான். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று சொன்னதும் அவள். சால்டரிங் அயர்னை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. இருந்த இடத்திலிருந்தே அதிகாரம். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“ஒண்ணு ஏறுற அளவுக்குத்தான் இன்னொண்ணு இறங்குது. ரெண்டையும் கூட்டிப் பாருடா. கூட்டினா மாறவே இல்ல. அப்போ செல்லு மேல தப்பில்ல. ரெண்டுக்கும் பொதுவா நடுவுல ஒரு வயர் போகுதில்ல, அதுதான் பொய் சொல்லுது.”

அவன் கூட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான்.

சண்டை போட்ட இரண்டு பேருமே நிரபராதிகள்.

பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து அந்த வயரின் முனையைத் தேடினான். ஈயம் மங்கலாக உருண்டு, பட்டும் படாமல் தகட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. விரல் நுனியால் தொட்டபோது மயிரிழை அளவு ஆடியது.

சூடு வைத்தான். ஈயம் இளகி, தண்ணீர்போலப் பரவி, பளிச்சென்று அடங்கியது.

சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரியவில்லை. விசிறி சுற்ற ஆரம்பித்தது.

ஏழு எண்களும் கடைசி இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. அதிகம் வைத்திருந்த கட்டிலிருந்து போர்டு துளித்துளியாக வடித்தது. குறைவாக இருந்ததை அது அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாக வந்து ஒரே எண்ணில் நின்றன.

தையற்காரன் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் யாரோ லேப்டாப்பில் எழுதி முடித்து, படம் பார்த்து முடித்து, உதவாது என்று குப்பையில் போட்டவை. ஒன்றை ஒன்று முன்பின் அறியாதவை. இப்போது ஒரே ஆள் மாதிரி நின்றன. கட்டியவன் அவன்தான் என்றாலும் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

“போதும், மாட்டு” என்றாள் அக்கா.

இன்னும் ஒரு நாள் விசிறியே ஓடட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான்.

பேட்டரிப் பெட்டியைத் தூக்கிவந்து அவளுடைய சக்கர நாற்காலியின் அடித்தட்டில் வைத்தான். பட்டை போட்டு இறுக்கினான். நாற்காலியின் முதுகில் தொங்கிய இயந்திரத்தில் வயரை மாட்டினான்.

கரண்ட் நின்றால் கையால் காற்றடிக்கும் ரப்பர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரம் குந்தினான். சுவரில் செருகியிருந்த இயந்திரத்தின் பிளக்கைப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான்.

“கழட்டுடா.”

கழற்றினான்.

அக்காவின் கழுத்திலிருந்த குழாயில் காற்று போயிற்று. அவள் நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது. அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நெஞ்சு மறுபடி உயர்ந்தது.

போர்டைப் பார்த்தான். இயந்திரம் அவளுக்குள் காற்றைத் தள்ளும்போதெல்லாம் ஏழு எண்களும் ஒன்றாக ஒரு துளி இறங்கின. அவள் வெளியே விடும்போது ஒன்றாக ஏறின. ஏழில் ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. ரப்பர் பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்த பிறகுதான் எழுந்தான். அதை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினான். பிறகு நாற்காலியைத் தள்ளினான்.

கட்டிலைத் தாண்டி, தையல் மிஷினைத் தாண்டி, துணிக் குவியலைச் சுற்றிக்கொண்டு சக்கரங்கள் உருண்டன. வாசலில் ஒரு முறை தடுக்கி, ஏறி, இறங்கின. வெயில் அவள் முழங்காலில் விழுந்து, மெல்ல முகத்துக்கு ஏறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, சுவரின் வயர் எட்டாத ஓர் இடத்தில் அக்கா மூச்சு விட்டது அதுதான் முதல் தடவை.