மாமாவின் ஸ்டேஷன்

"ஸ்டேஷனை மாத்துங்க மாமா."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். முன் சீட்டிலிருந்த அக்கா, நான் என்னவோ ஸ்டியரிங்கையே கேட்டுவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தாள்.

கிளம்பும்போதே சொல்லித்தான் ஏற்றியிருந்தார்கள். எது வேண்டுமானாலும் கேள், அக்கா வீட்டுக்காரரின் ரேடியோவை மட்டும் மாற்றச் சொல்லாதே. ஊரில் வைத்த ஸ்டேஷனை ஊர் திரும்பும்வரை மாமா மாற்ற மாட்டார். கொள்கை.

ஊரைத் தாண்டியதுமே பாட்டு தேய ஆரம்பித்தது. அடுத்த ஊரில் விளம்பரம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அப்புறம் வெறும் இரைச்சல். மாமா அதற்கும் தாளம் போட்டார்.

"நல்லாத்தானடி கேக்குது," என்றாள் அம்மா.

அக்கா தலையாட்டினாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அது நன்றாக வருகிறது.

இப்போது போவது என் கல்யாணத்தைப் பேசி முடிக்க. மாப்பிள்ளையைப் பார்த்தது மாமா. பிடித்துப்போனதும் மாமாவுக்கு. கட்டிக்கொள்வதை மட்டும் பெருந்தன்மையாக எனக்கு விட்டுவிட்டார்.

குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. பெருமையாகத்தான் சொல்வார்கள். சொன்ன கையோடு, "ஆனா ரொம்ப அடக்கமான பொண்ணு," என்று சேர்த்துக்கொள்வார்கள். ஏதோ விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தவளைப் பற்றிச் சொல்வதுபோல.

இரண்டு சீட்டுக்கும் நடுவே எக்கி, ரேடியோவை நானே திருப்பினேன்.

"படிச்ச திமிரு," என்றார் மாமா.

ஒரு பெண் குரல் பளிச்சென்று வந்தது. ஆற்றுப்பாலத்தில் லாரி நின்றுவிட்டதாம், கடைத்தெரு வழியாகப் போகச் சொன்னது. மாமா மறுபேச்சில்லாமல் கடைத்தெருவுக்கு ஒடித்தார். ஒரு பெண் சொல்லி அவர் வண்டியைத் திருப்பி நான் பார்த்ததே இல்லை.

நாளையிலிருந்து காலைச் செய்தியை வேறொருவர் வாசிப்பார், புதுப் பெண், நேயர்கள் ஆதரிக்க வேண்டும் என்றது அந்தக் குரல்.

"எவன் பெத்த பொண்ணோ! வீட்டுல கண்டிக்க ஆள் இல்ல போல."

"இருக்காங்க மாமா," என்றேன். "நிறைய பேர்."

கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஏய், எங்கடி போற? இந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்?"

அம்மாவிடம் என்ன சொல்ல? இந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் கிளம்பவே சம்மதித்தேன் என்றா?

குரல் தேர்வுக்கு வந்தபோது நடந்த தெருதான். வானொலி நிலையம் அடுத்த திருப்பத்தில்.

பின்னால் மாமா ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.