கூடாரத்துக்கு ஒரு விளக்கு

"மூணு மடக்குக் கட்டிலா வாங்கிடுங்க சார், நிம்மதி. இந்தப் பெரிய காத்து மெத்தைல ஒருத்தர் புரண்டா மத்த ரெண்டு பேரும் படகுல போற மாதிரி ஆடணும்."

கடைக்காரர் சொன்னதை மகள் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள். கடையோ வங்கியோ, எங்கே போனாலும் பேச்சுவார்த்தை அவள் பொறுப்பு. பதினோரு வயதுதான். பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

அம்மா காற்று மெத்தையைக் காட்டினாள். ஆடட்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் கிடக்கிறாரா என்றாவது தெரியும்.

அவள் கணவன் கட்டில்கள் பக்கமே நின்றான். அவள் மறுபடியும் மெத்தையையே காட்டினாள். மெத்தை தள்ளுவண்டியில் ஏறியது.

மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. யோசனை அவனுடையது. வெளியூரில் புது வேலை கிடைத்திருந்தது. தான் முதலில் போய்ச் சேர்வதாகவும், அதற்குமுன் குடும்பத்தோடு ஒரு பயணம் என்றும் சொல்லியிருந்தான். இவர்கள் இருவரும் எப்போது அங்கே வருவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் கேட்காமல் இல்லை. பகல் முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். படுக்கும்போதுதான் நேரம் கிடைக்கும். அவள் ஆரம்பிப்பாள், அவன் விளக்கை அணைத்துவிடுவான். அதோடு பேச்சு முடிந்தது. சண்டை வந்தால் கதவை அறைந்து சாத்தும் கணவர்களை அவளுக்குத் தெரியும். அதுகூடத் தேவலை என்று தோன்றும்.

அடுத்து குளிருக்கு. கடைக்காரர் ஒரு கேஸ் ஹீட்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"பயமே வேண்டாம் மேடம். விஷவாயு சேர்ந்தா இதுவே அலாரம் அடிச்சு எழுப்பிடும்."

மகள் அதை எடுத்துச் சொன்னதும் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி மறுத்தார்கள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"எங்க வீட்ல இடி விழுந்தாலும் ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டாங்க அங்கிள்," என்றாள் மகள். "அப்புறம் ராத்திரி பூரா நான்தான் காவல் காக்கணும். கம்பளி காட்டுங்க."

மூன்று கம்பளிகள் வந்தன. அடியிலிருந்து குளிர் ஏறாமலிருக்க, மெத்தைக்குக் கீழே விரிக்கத் தடித்த விரிப்பு ஒன்றும் வந்தது.

மிச்சம் இருந்தது விளக்கு.

அவன் உள்ளங்கைக்குள் அடங்கும் இரவு விளக்கு ஒன்றை எடுத்தான். அவள் அதை வாங்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தொங்கவிடும் விளக்குகளில் பெரியதை எடுத்தாள்.

"அதைப் போட்டா உள்ள கிரிக்கெட்டே ஆடலாம் மேடம்," என்று சிரித்தார் கடைக்காரர். "தூக்கம் வராது."

மகள் அதையும் எடுத்துச் சொன்னாள். தூங்கவா போகிறோம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

கடை மூலையில் மாதிரிக்கு ஒரு கூடாரம் நின்றது. விளக்கை அவன் கையில் திணித்து, அவனை உள்ளே இழுத்துப்போனாள். மகள் வெளியே கம்பளி விலையில் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கருநீலத் துணிக்குள் நல்ல இருட்டு. அவன் விளக்கைப் போட்டான். அவள் எதிரே உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நாங்கள் எப்போது வருவது?

அவன் கட்டைவிரல் சுவிட்சின்மேல் இருந்தது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் விலகியது. அவன் எழுந்து, மேலே இருந்த கொக்கியில் விளக்கை மாட்டினான்.

பேச அவனுக்கு இரண்டு கைகளும் வேண்டும். அவளுக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் காது கேட்பது மகளுக்கு மட்டும்.

அவன் கைகள் முதலில் தயங்கின. பிறகு கொட்டித் தீர்த்தன. புதுச் சம்பளத்துக்கு அங்கே ஒற்றை அறைதான் கிடைத்திருக்கிறது. சமையல், படுக்கை, எல்லாம் அதற்குள்ளேயேதான். சொல்லவே கூச்சமாக இருந்தது. அதில் எப்படி மூன்று பேர்...

கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

அவள் கூடாரத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். மெத்தை விரிக்க இடம் இருந்தது. தலைமாட்டில் பைகளை வைக்கலாம். மகள் கால் நீட்டிப் படுக்கலாம்.

பிறகு தன் கைகளை வெளிச்சத்தில் உயர்த்திக் கேட்டாள்.

அந்த அறை இதைவிடச் சின்னதா?