எடுத்துக்காட்டு வாக்கியம்

மாடியில் ஆங்கில வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். டியூப்லைட்டை அணைக்க மறந்திருந்தார்கள். வெளியே மழை, தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த விட்டில் ஒன்று நனைந்த சிறகுகளோடு சுவரில் ஒட்டிக்கொண்டது. சிறகு காயும்வரை அதனால் பறக்க முடியாது.

விளக்குக்குப் பின்னாலிருந்து பல்லி மெதுவாக இறங்கி வந்தது.

"அண்ணே, இங்கே என்ன சொல்லித்தர்றாங்க?" என்று விட்டில் அவசரமாகக் கேட்டது.

பல்லி நின்றது. இதுவரை யாரும் அதனிடம் வகுப்பைப் பற்றி விசாரித்ததில்லை.

"வார்த்தை. முதல்ல அர்த்தம், அப்புறம் எடுத்துக்காட்டு வாக்கியம். நீயே ஒரு வாக்கியம் சொன்னாத்தான் அந்த வார்த்தை உன்னோடது."

"ஒண்ணு சொல்லுங்க."

"ஹங்கிரி. அர்த்தம், பசியோடு இருப்பது. எடுத்துக்காட்டு, பல்லி ஹங்கிரியாக இருக்கிறது."

"அதான் பார்த்தாலே தெரியுதே! வேற சொல்லுங்கண்ணே."

மழை ஓயும்வரை பல்லி சொல்லிக்கொண்டே இருந்தது. வெளிச்சத்தில் சாக்பீஸ் தூள் மிதந்தது. விட்டிலின் சிறகுகள் காய்ந்தன.

"கடைசி வார்த்தை, எஸ்கேப். அர்த்தம், ஆபத்திலிருந்து தப்பிப் போவது. எடுத்துக்காட்டு நீ சொல்லு பார்ப்போம்."

விட்டில் எழும்பி, விளக்கை ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் வழியே போய்விட்டது.

பல்லி வெகுநேரம் ஜன்னலையே பார்த்தது. பிறகு வாத்தியார் குரலில், "வெரி குட்" என்றது.

மறுநாளும் மழை பெய்தது. பல்லி விளக்குப் பக்கம் போகவில்லை. ஒரு புது வார்த்தையோடு ஜன்னலோரம் காத்திருந்தது.