கொடித் துணி

கடையில் எந்திரம் வாங்கும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் செய்த எந்திரம்தான் வேலை பார்த்தது. அது ஒழுங்காகச் செய்தாலும் சொதப்பினாலும் வீட்டார் அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

எஸ்தர் வீட்டுக்கு வாய்த்தது, மழை தூறினால் மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணியை எடுத்து வரும் எந்திரம். மகள் ஜோவிதா ஆறாம் வகுப்பில் செய்தது. யார் வீட்டுத் துணி என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க அவள் மறந்துவிட்டாள். அது குடியிருப்பில் உள்ள அத்தனை பேர் துணியையும் வாரிக்கொண்டு வந்தது.

பாளையங்கோட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து எஸ்தரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போதோ தூறல் விழுந்தால் போதும், வாசலில் ஆள் நிற்கும். "யக்கா, எம் மவன் சட்டை இங்க வந்துட்டா?" என்று கேட்டு வருகிறவர்கள், டீ குடித்து, கதை பேசி, மழை விட்ட பிறகுதான் கிளம்புவார்கள்.

அன்றும் மழை பிடித்தது. எஸ்தர் பெரிய பாத்திரத்தில் டீ போட்டாள். எந்திரம் எஸ்தர் வீட்டுத் துணியை மட்டும் கொண்டுவந்து வைத்தது.

"தப்பத் திருத்திட்டேம்மா! மிஸ் முழு மார்க் போட்டுட்டாங்க!" என்று குதித்தாள் ஜோவிதா.

"எஞ் செல்லம்" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிய எஸ்தர், அடுப்பைச் சிம்மில் வைத்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊரார் துணியையெல்லாம் அள்ளிவர மாடிக்கு ஓடினாள்.